ரெண்டுக்கு மேல் வலிக்காத வார்டு

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதும் கிடையாது. மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "வருது, வருது" என்று ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸுக்குக் கண்ணைக் காட்டுவாள். அதுவரை மேஜைமேல் சிதறிக் கிடந்த பேனாக்கள்கூட வரிசையாகப் படுத்துக்கொள்ளும். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அவள் வேலை ஆடிட். பணக்கணக்கு ஆடிட் என்று நினைத்து, சொந்தக்காரர்கள் அவளிடம் வரி கட்டுவதைப் பற்றிச் சந்தேகம் கேட்பார்கள். இது வேறு ஆடிட். வீட்டுக்குப் போய்விட்ட நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளில் ஒரு கட்டைப் பதிவறையிலிருந்து எடுத்துவந்து, கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுத்தார்களா, நேரத்துக்குக் கொடுத்தார்களா, படுத்த படுக்கையாய்க் கிடந்தவரைத் திருப்பிப் போட்டார்களா, வலி எப்படி என்று விசாரித்தார்களா என்று வரி விடாமல் பார்ப்பது. அப்புறம் மாதாந்திரக் கூட்டத்தில் பெரிய டாக்டர்கள் முன்னால் எழுந்து நின்று, எந்த வார்டு எதில் கோட்டை விட்டது என்று சொல்வது. இந்த வேலையைச் செய்பவளை யார் டீ குடிக்கக் கூப்பிடுவார்கள்? கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும்.

முன்பு அவளும் வார்டில் ஓடியாடியவள்தான். இடுப்பு வலி வந்து, குனிந்து நிமிர முடியாமல் போனபோது நிர்வாகம் இந்த நாற்காலியைக் கொடுத்தது. வந்த புதிதில் தண்டனை மாதிரி இருந்தது. போகப்போகப் பிடித்துவிட்டது. ஒரு நோயாளியிடம் நன்றாக நடந்துகொண்டால் ஒருவருக்கு நல்லது, ஒரு தப்பை வார்டிலிருந்தே துடைத்தெடுத்தால் இனி வரப்போகிற அத்தனை பேருக்கும் நல்லது என்று அவள் நிஜமாகவே நம்பினாள். நம்பியதால்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பால் பாக்கெட்டின் தேதியைப் பார்க்காமல் அடுப்பில் வைக்க விடமாட்டாள். பஸ் ஓட்டும் கணவர், "என் பஸ்ஸுல மட்டும் ஏறிடாதம்மா, வண்டி டிப்போவை விட்டே கிளம்பாது" என்பார்.

அவள் முழு மார்க் போட்ட வார்டு ஒன்றே ஒன்றுதான். எலும்பு, மூட்டு ஆபரேஷன் வார்டு. அதன் தலைமை சிஸ்டர் அவளோடு நர்ஸிங் படித்தவள். அடுத்தடுத்த கட்டிலில் படுத்து, ஒரே சோப்பை இரண்டாக வெட்டிக் குளித்தவர்கள். சிஸ்டருக்கு வெண்கலத் தொண்டை. அவள் ஒரு கோடியில் "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டால் மறுகோடியில் ஊசி போடாதவர்களும் போட்டுவிட்டேன் என்பார்கள். ஆனால் தன் கீழே வேலை பார்க்கும் பெண்களை "என் புள்ளைங்க" என்றுதான் சொல்வாள். அந்த வார்டில் நோயாளிகளுக்கு வலி குறைவு என்று கேஸ் ஷீட்டுகள் சொல்லின. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுத வேண்டும். மற்ற வார்டுகளில் அஞ்சு, ஆறு, சில இடத்தில் கட்டமே காலி. இங்கே ஒரு கட்டம் காலியில்லை, எல்லாம் ரெண்டு. வருஷா வருஷம் சிறந்த வார்டுக்கான ஷீல்டு அங்கேதான் போயிற்று. வெண்கலத் தொண்டை அதை மருந்து அலமாரிக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருந்தாள்.

அதனால், நாத்தனாருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, மூட்டு மாற்ற வேண்டும் என்றானபோது, அவள் ஒரு நொடி யோசிக்கவில்லை.

நாத்தனார் என்றால் அவள் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், ஒரு கட்டடத்தின் மாடியில் தையல் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடச் சீருடைதான் தொழில். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரின் இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். தெருவில் ஒரு பையன் போனால், "போன வருஷத்துக்கு ரெண்டு இஞ்ச் ஏறிட்டான்" என்பார். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது அவருக்கு உயிர். தம்பி வீட்டில் சாப்பிட்டால் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுத்தான் மறுவேலை. அப்படிப்பட்டவர் கடைப்படி ஏறக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நிற்கிற நிலைமைக்கு வந்திருந்தார்.

"அண்ணி, நான் மார்க் போட்ட வார்டு. அங்க ரெண்டுக்கு மேல யாருக்கும் வலிச்சதே இல்ல" என்று சொல்லிச் சேர்த்தாள். முதலில் வலது கால், சில மாதம் கழித்து இடது கால் என்று டாக்டர் சொன்னார். வலது கால் ஆபரேஷன் நன்றாக நடந்தது. தினமும் வேலை முடிந்ததும் கட்டிலுக்குப் போய், "எப்படி அண்ணி நம்ம வார்டு?" என்று கேட்பாள். "ராஜ மரியாதைம்மா" என்பார் நாத்தனார். வலி? "ரெண்டுதான்." அவளுக்குப் பெருமை தாங்காது. கால் நேராகி, வாக்கர் போய், கைத்தடி வந்து, வீடு திரும்பினார்.

இடது காலுக்குத் தேதி குறிக்கப் போனபோதுதான் சிக்கல் வந்தது. நாத்தனார், "வேண்டாம். ஒரு கால் போதும்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தம்பி கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், மறுபடி கெஞ்சினார். மூட்டு டாக்டரே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு கால் நேராகவும் ஒரு கால் வளைந்தும் இருந்தால் இடுப்பும் போய்விடும், மாற்றி வைத்த மூட்டும் சீக்கிரம் தேயும் என்று படம் போட்டுக் காட்டினார். நாத்தனார் படத்தைப் பார்த்தார், "நல்லா வரையறீங்க டாக்டர்" என்றார், எழுந்து வந்துவிட்டார். காரணம் கேட்டால் வயசாச்சு என்பார், கடையில் ஆர்டர் குவிஞ்சு கிடக்கு என்பார். கொஞ்ச நாளில் அந்தக் கடையையே வேறு ஆளுக்கு விட்டுவிடப் போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. படி ஏற முடியவில்லையாம். தைக்காமல் அவர் ஒரு மாதம் தாங்கமாட்டார் என்று தம்பிக்குத் தெரியும். பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்து, "என்னதான் ஆச்சு அக்காவுக்கு? நீயாவது கேட்டுச் சொல்லேன்" என்று மனைவியிடம் தழுதழுத்தார்.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பதிவறைக்குப் போய் நாத்தனாரின் கேஸ் ஷீட்டை எடுத்தாள். சொந்தக்காரி என்ற நினைப்பை ஒதுக்கிவைத்து, ஆடிட் பார்க்கிற மாதிரியே முதல் பக்கத்திலிருந்து பார்த்தாள். ஒரு குறை இல்லை. மருந்து நேரத்துக்கு, கட்டு மாற்றியது நேரத்துக்கு, வலி ரெண்டு, ரெண்டு, ரெண்டு. முழு மார்க் போட்டு மூடிவைக்க வேண்டிய ஷீட். மூடிவைத்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

தெரியவந்தது லிஃப்டில். நோயாளிகளுக்குக் கால் மடக்கப் பழக்கும் பிசியோதெரபிக்காரர் ஏறினார். வார்டில் அவரை எக்ஸர்சைஸ் வாத்தியார் என்பார்கள். சும்மா இருக்கக் கூடாதே என்று பேச்சுக் கொடுத்தார்.

"உங்க நாத்தனார் எப்படி இருக்காங்க மேடம்? பாவம், அவங்க மாதிரி வலியைத் தாங்கினவங்களை நான் பாத்ததில்ல. காலை மடக்குனா தலையணையை வாயில வெச்சுக் கடிச்சுக்குவாங்க. ஒரு தலையணை உறையே கிழிஞ்சு போச்சு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "அவங்களுக்கு வலி ரெண்டுதானே?" என்றாள்.

வாத்தியார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அந்த வார்டுல எல்லாருக்குமே ரெண்டுதான் மேடம்" என்று சொல்லிவிட்டு, கதவு திறந்ததும் வெளியே போய்விட்டார்.

அன்று மதியம் கையில் ஃபைல் எதுவும் இல்லாமல் அந்த வார்டுக்குப் போனாள். நர்ஸ்கள் விறைத்தார்கள். "நான் இன்னிக்கு ஆடிட் இல்ல, சும்மா வந்தேன்" என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. பார்வையாளர் ஸ்டூல் ஒன்றை இழுத்து, திரைக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்தாள். எதிர்க் கட்டிலில் முந்தின நாள்தான் ஆபரேஷனான ஒரு அம்மா, காய்கறிக் கடைக்காரர். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு ஆபரேஷனாகிச் சில நாள் ஆகியிருந்தது. அனுபவஸ்தி.

"சின்ன சிஸ்டர் இப்ப நம்பர் கேக்க வரும்" என்று அனுபவஸ்தி காய்கறிக் கடைக்காரருக்குச் சொன்னார். "ரெண்டுன்னு சொல்லிடுங்க."

"எனக்கு உயிர் போகுதேம்மா."

"எல்லாருக்கும்தான் போகுது. நாலுக்கு மேல சொன்னா அந்தப் பொண்ணு டாக்டரைக் கூப்பிட்டே ஆகணுமாம், அதுதான் சட்டமாம். அவரு வந்து வள்ளுன்னு விழறாரு. இதுக்கெல்லாமா கூப்பிடுவேன்னு நம்ம முன்னாடியே கேக்கறாரு. அப்புறம் அது தனியா ஒரு காகிதம் எழுதணும், அரை மணி கழிச்சுத் திரும்ப வந்து கேக்கணும், அதையும் எழுதணும். ஒத்தைப் பொண்ணு, இத்தனை கட்டிலு. நம்மளைத் தூக்கி உக்கார வெச்சு, தலை சீவி விடற புள்ள. திட்டு வாங்க விடலாமா? ராத்திரி மாத்திரை வரும், பல்லைக் கடிச்சுக்குங்க."

"அப்ப பூஜ்யம்னே சொல்லிடவா?"

"அய்யய்யோ, பூஜ்யம்னா நம்பமாட்டாங்க. ரெண்டுதான் சரி."

கொஞ்ச நேரத்தில் சின்ன சிஸ்டர் வந்தாள். பூதக்கண்ணாடி உற்றுப் பார்த்தாள். அந்தப் பெண் எதையும் ஏமாற்றவில்லை. கட்டில் பக்கம் குனிந்து, நெற்றியைத் தொட்டு, ஆசையாகத்தான் கேட்டாள்: "வலி எவ்வளவும்மா இருக்கு?"

"ரெண்டு கண்ணு" என்றார் காய்கறிக் கடைக்காரர். போர்வைக்குள் அவர் கை மெத்தை விளிம்பை முறுக்கிப் பிடித்திருந்தது. சின்ன சிஸ்டர் ரெண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். கேட்டது நிஜம், சொன்னது நிஜம், எழுதியதும் நிஜம். பூதக்கண்ணாடி ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

வெண்கலத் தொண்டையின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தியும் பிரயோஜனமில்லை, வார்டு முழுக்கக் கேட்டது.

"என் புள்ளைங்க பொய் எழுதுதுங்கன்னு சொல்ல வந்தியா?"

"எழுதலடி. அதுதான் கஷ்டமே. எழுதியிருந்தா ஒரு மெமோ குடுத்துட்டுப் போயிடுவேன்."

"பின்ன என்ன? ஷீல்டு வேணுமா? எடுத்துட்டுப் போ! அலமாரி மேலதான் இருக்கு. வருஷா வருஷம் சிரிச்சுக்கிட்டே குடுத்தவ யாரு? நீதானே?"

தோழி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கேன்டீனில் காலியான நாற்காலிகளோடு இன்னொன்றும் சேர்ந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் தையல் கடைப் படியேறினாள். நாத்தனார் ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்க முடியாமல் மடக்கி, காலர் பிரித்துக்கொண்டிருந்தார். இவள் நேராகக் கேட்டாள்.

"அண்ணி, தலையணை உறையைக் கடிச்சுக் கிழிச்சீங்களாமே."

நாத்தனார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "புதுசு தெச்சுக் குடுத்துட்டேனே. அதைக்கூடவா உங்கிட்ட சொல்லிட்டாங்க?"

"எவ்வளவு அண்ணி வலிச்சுது? நிஜமா சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது. ஒம்பது, பத்து. ரெண்டாங்கால்னு நெனச்சாலே உடம்பு நடுங்குதும்மா. என்னால இன்னொரு தடவை ஆகாது."

"சிஸ்டருங்க மேல பரிதாபப்பட்டு மறைச்சீங்க, சரி. நான் தினமும் வந்தேனே. எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்காமல் துணியை மடித்தார். "நீ வரும்போதே மூஞ்சி முழுக்கச் சிரிப்போட வருவ. எப்படி நம்ம வார்டுன்னு கேப்ப. உன் வார்டு, நீ மார்க் போட்டது. நான் பத்துன்னு சொன்னா உனக்குத்தானே பேரு கெடும்? எனக்குப் பின்னால என் தம்பியைப் பாத்துக்கறவ நீ. உனக்கு என்னால ஒரு சங்கடம் வரலாமா?"

அவள் அந்தத் துணிக்குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் யார் செத்தாலும் கலங்காதவள் என்று பெயரெடுத்தவள். வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே, வலிக்கவில்லை என்ற பதிலை அவளே வாயில் ஊட்டியிருக்கிறாள். நாத்தனார்தான் ஒரு வெட்டுத் துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்தார்.

மாதாந்திரக் கூட்டத்தில் அவள் சுற்றி வளைக்கவில்லை. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்ததற்கு நான் மார்க் போட்டேன், அது தப்பான மார்க் என்றாள். நாலுக்கு மேல் போனால் டாக்டரைக் கூப்பிடு என்ற விதி நோயாளிக்கு உதவத்தான் வந்தது. இப்போது அந்த விதிக்குப் பயந்து நோயாளிகள் நர்ஸைக் காப்பாற்றுகிறார்கள் என்றாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஒரு இளம் டாக்டர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளென்று விழுந்தவர் அவராக இருக்கலாம். மூட்டு டாக்டர் சிரிக்கவில்லை. வலி கூடினால் எந்த ஊசி, எவ்வளவு என்று ஆபரேஷன் அன்றே எழுதி வைத்துவிடுகிறேன், நர்ஸே போடட்டும், யாரையும் கூப்பிட வேண்டாம் என்றார். தனிக் காகிதத்தை ஒழிப்பதென்று முடிவாயிற்று. நம்பரோடு, புரண்டு படுக்க முடிந்ததா, தூக்கம் வந்ததா என்றும் கேட்க வேண்டும் என்று அவள் சேர்த்தாள். வெண்கலத் தொண்டை மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் ஒரு கூட்டம் முடிந்தது அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் முதல் தடவை.

அடுத்த மாதம் அந்த வார்டின் நம்பர்கள் ஏறின. அஞ்சு, ஏழு, ஆறு. அந்த வருஷ ஷீல்டு கண் வார்டுக்குப் போயிற்று. அலமாரி மேல் அது இருந்த இடத்தில் தூசியில்லாத ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

நாத்தனார் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று இவள் எவ்வளவு சொன்னாலும், "போன தடவையும் நீதானேம்மா சொன்ன" என்பார்.

ஒரு விடுமுறை நாளில் தெருமுனையிலேயே ஒரு குரல் கேட்டது. "தையல் கடை எதுங்க?" கணவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உன் ஃப்ரெண்டு மைக் இல்லாம பேசறாங்க" என்றார். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் வெண்கலத் தொண்டை படியேறிவிட்டிருந்தாள்.

"யாரு உங்களைக் கேட்டது?" என்று அவள் நாத்தனாரிடம் கத்திக்கொண்டிருந்தாள். "என் புள்ளைங்களுக்குப் பாவம் பாக்க நீங்க யாரு? வலிக்குதுன்னு சொன்னா ஓடறதுக்குத்தானே அதுங்க இருக்கு? தையக்கடைக்கு வந்து, சட்டை இறுக்கிப் புடிக்குதுன்னு சொல்லாம போட்டுக்கிட்டுப் போனா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

நாத்தனார் யோசித்தார். "கோவம்தான் வரும்."

"எனக்கும் அதுதான் வருது!" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் வார்டுல ஒரு மனுஷி தலையணையைக் கடிச்சிருக்காங்க, எனக்குத் தெரியல. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. வந்து ரெண்டாங்காலைக் குடுங்க. இந்தத் தடவை பொய் சொன்னீங்கன்னா நானே தலையணையால அடிப்பேன்."

நாத்தனார் சிரித்துவிட்டார். அப்புறம் தையல் மெஷினையும், தன் வளைந்த காலையும் மாறி மாறிப் பார்த்தார். "பள்ளிக்கூடம் திறக்கட்டும். சீருடை வேலை குறைஞ்சதும் வரேன்" என்றார்.

கீழே இறங்கும்போது வெண்கலத் தொண்டை பூதக்கண்ணாடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். படி செங்குத்தாக இருந்தது என்பது ஒரு சாக்கு.

இடது கால் ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை. மயக்க மருந்தின் வேலை முழுசாக விட்டிருந்தது. நாத்தனார் வியர்த்துப்போய், உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். சின்ன சிஸ்டர் குனிந்து, "வலி எவ்வளவும்மா இருக்கு?" என்று கேட்டாள்.

நாத்தனார் வாயைத் திறந்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்த தம்பி மனைவியைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பூதக்கண்ணாடிக்குப் புரிந்தது. "நீங்க சிஸ்டர்கிட்ட பேசுங்க அண்ணி, நான் வெளியில நிக்கறேன்" என்று சொல்லி, திரையை இழுத்து மூடிவிட்டு வந்து சுவரோரமாக நின்றாள். உள்ளே சத்தமே இல்லை. ரெண்டு என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அப்படிச் சொல்லிவிட்டால் அந்த மனுஷி மறுபடி பல்லைக் கடித்துக் கிடப்பார். அதைவிட, இத்தனை வருஷம் பார்த்த வேலைக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது.

"எட்டு" என்றார் நாத்தனார் உள்ளிருந்து. சன்னமாகத்தான் வந்தது. பிறகு தானாகவே திருத்திக்கொண்டார். "இல்ல கண்ணு, ஒம்பது. ஒம்பதுன்னே போடு."

சின்ன சிஸ்டர் திரையை விலக்கிக்கொண்டு ஓடினாள். மருந்து அலமாரி திறந்தது, மூடியது. "ஓடு, ஓடு!" என்று வார்டின் கோடியிலிருந்து வெண்கலத் தொண்டை முழங்கினாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் திட்டவில்லை, ஊசி ஏறியது. பூதக்கண்ணாடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அந்த வழியாக வந்த எக்ஸர்சைஸ் வாத்தியார், ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து, சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

அரை மணி கழித்துச் சின்ன சிஸ்டர் முறைப்படி திரும்ப வந்து கேட்டாள். புரண்டு படுக்க முடிகிறதா என்றும் கேட்டாள்.

"முடியுது. இப்ப மூணு" என்றார் நாத்தனார். பிறகு திரைக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "ஏய் பூதக்கண்ணாடி! வெளியிலதானே நிக்கற? உள்ள வா. இது நிஜ மூணு."